கழற்றக்கூடிய பத்தி

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் பணிக்கால அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். தொலைபேசியில் கேட்ட பிள்ளை, இப்போது என் இடத்தில் இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், மரியாதையாகத்தான் கேட்டது. "குளக்கட்டுத் திருத்தினது, பாலம் போட்டது, அப்பிடிப் பெரிய வேலையளா எழுதித் தாங்கோ சேர்" என்றது. பிள்ளை, எனக்குக் கிடைத்த பாலம் இரண்டே இரண்டு. அதில் ஒன்று மதகு. பாலம் என்று சொன்னால் அந்த மதகுக்கே வெட்கமாக இருக்கும். மிச்சக் காலம் முழுவதும் நான் பார்த்தது பத்தி. ஆகவே பத்தியைப் பற்றித்தான் எழுதுவேன். போடுவதென்றால் போடுங்கள். அதே அழைப்பில் என்னுடைய படிவம் ஒன்றைப் பற்றியும் கேட்டீர்கள். அதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

பத்தி என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டின் பக்கச் சுவரில் ஒரு பக்கத்தைத் தாங்கவிட்டு, மறுபக்கத்துக்குத் தூண் நட்டு, ஒற்றைச் சரிவாகக் கூரையை இறக்கினால் அது பத்தி. சமையல் அதற்குள்தான் நடக்கும். நெல் மூட்டையும் மோட்டார் சைக்கிளும் அங்கேதான் நிற்கும். கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர் படுப்பதும், மழைக்கு ஆடு ஒதுங்குவதும் அங்கேதான்.

நான் படித்த இரண்டு வருடத்தில் மட்டம் பார்க்கவும், கொங்கிறீற்று கலக்கவும், வரைபடம் கீறவும் சொல்லித் தந்தார்கள். பத்தி என்ற சொல்லை ஒரு விரிவுரையாளர்கூட வாயில் எடுக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு அலுவலகப் படிவத்தில் 'உப கட்டடம்' என்று ஒரு வரி இருப்பதைக் கண்டேன். அந்த வரியில்தான் என் ஆயுள் போனது.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திட்டங்களில் கட்டிய வீடுகளுக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே வரைபடம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, மூலையில் ஒரு குசினி. அந்தக் குசினியைக் கீறியவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது விறகடுப்பை ஊதியிருக்க மாட்டார். அடுப்பு மூட்டினால் புகை வீடு முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். அதனால் காலையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீட்டில் பின்னேரம் பத்திக்குக் குழி வெட்டுவார்கள். பூசிய சுவரின் ஈரம் காய்ந்திருக்காது. அதில் உளி வைத்து ஓட்டை போட்டு, கூரையைத் தாங்கும் கைமரத்தைச் செருகுவார்கள். நான் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

சரிவு விடயத்தில் நான் கதைத்த கதையை எல்லாம் சேர்த்தால் இரண்டு மலர் போடலாம். பத்தி வீட்டின் தாழ்வாரத்துக்குக் கீழே தொடங்க வேண்டும். அங்கே உயரம் எட்டு அடி இருந்தால் பெரிய காரியம். ஆட்களுக்கோ அகலம் பன்னிரண்டு அடி வேண்டும். பன்னிரண்டு அடிக்கு இறக்கினால் வெளிப்பக்கம் நெஞ்சளவுக்கு வந்துவிடும் என்று அதையும் உயர்த்தி விடுவார்கள். பிறகு மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தகரத்தின் மேல் நின்று யோசிக்கும். முள்ளியவளையில் ஒருவரோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன்.

"அகலத்தைக் குறையுங்கோ."

"குறைச்சாக் கட்டில் போடேலாது சேர்."

"அப்ப வெளிப்பக்கத்தைப் பதியுங்கோ."

"பதிச்சாத் தலை இடிக்கும்."

"குனிஞ்சு போங்கோவன்."

"சொந்த வீட்டுக்கையும் குனியிறதோ சேர்?" என்றார் அவர். ஆனாலும் அடுத்த மாரியில் ஒழுகியபோது என்னைத்தான் கூப்பிட்டார்.

ஒழுக்குக்கூடப் பரவாயில்லை. எனக்கு இரத்தக் கொதிப்பைத் தந்தது வேறொன்று. எங்கள் ஆட்கள் பத்தியை இறுக்கிக் கட்ட மாட்டார்கள். தூணைச் சும்மா மண்ணில் நடுவார்கள், சீமெந்து போட மாட்டார்கள். கைமரத்தைக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி விடுவார்கள். தகரத்துக்கு ஆணி இல்லை. மேலே கல்லும் பழைய ரயரும் உடைந்த உரலும் ஏற்றி வைப்பார்கள். சில வீடுகளில் ஒவ்வொரு தகரத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பெயின்ரால் இலக்கம் போட்டிருக்கும். கேட்டால், கழற்றுவதற்கும் திரும்பப் போடுவதற்கும் சுகமாம்.

"ஏன் கழட்டோணும்?" என்று கத்துவேன். "இதென்ன, நாளைக்குச் சந்தைக்குக் கொண்டு போற சாமானோ? ஏன் கழட்டோணும்?"

"ஒண்டுமில்லை சேர், சும்மா" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வீடு, கிராமத்துக்குக் கிராமம் இதே கேள்வி, இதே பதில். வானத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அப்போது எங்களுக்குப் பொறியியலாளராக இருந்தவர் நடேசபிள்ளை ஐயா. மெலிந்த மனிதர். வெயிலோ மழையோ கையில் மடக்குக் குடை இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பத்தியைப் பார்க்க வந்தால் முதலில் குடையை வீட்டுக்காரரிடம் கொடுப்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கைமரத்தின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குவார். அறுபதை நெருங்கிய அரசாங்க உத்தியோகத்தர், வெள்ளைச் சேட்டோடு, வௌவால் மாதிரி. வீட்டுப் பெண்கள் சிரிப்பை அடக்கக் குசினிக்குள் ஓடுவார்கள். இறங்கிய பிறகு ஒரு கதிரை கேட்பார். அதில் ஏறி, இரண்டு உள்ளங்கையாலும் தகரத்தை மேலே தள்ளுவார். முதலாவதை விட இரண்டாவதில்தான் அவருக்குக் கவனம் கூட.

"பாரத்துக்குப் பயப்படாதையும் தம்பி" என்பார். "பத்தி விழுந்து கெட்டதை விடப் பறந்து கெட்டதுதான் கூட. காத்து கீழால வந்து தூக்கும். அது போகேக்கை வீட்டுக் கூரையிலயும் ஒரு துண்டைப் பிச்சுக்கொண்டுதான் போகும். நீர் ஒப்பம் வைச்சிருக்கிறீர் எண்டு அதுக்குத் தெரியாது."

இனி விசுவமடுக் கதைக்கு வருகிறேன்.

வீட்டுக்காரி புவனேஸ்வரி. ஊரில் புவனம் அக்கா. வீட்டில் அவரும் மகன் ஜெயந்தனும் மட்டும். ஜெயந்தனுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி கைத்தொலைபேசி திருத்துவான். கெட்டிக்காரன், கிளிநொச்சிக் கடைகளில் ஏலாது என்று திருப்பிவிட்ட போன்கள்கூட அவனிடம் வரும். ஆனால் திட்ட வீட்டின் வாசல் ஒடுக்கம், படியும் உயரம். வருகிறவர்கள் வெயிலில் நிற்க, அவன் யன்னலுக்குள்ளால் வாங்கித் திருத்தி, யன்னலுக்குள்ளாலேயே கொடுத்தான். அதற்காகத்தான் பத்தி. வீதியைப் பார்த்தபடி, முற்றத்தோடு மட்டமான சீமெந்துத் தரை, அகன்ற வாசல், வேலை செய்ய ஒரு மேசை. பத்திக்குக் கரண்ட் இழுக்க வேண்டும். கரண்டுக்கு என்னுடைய கையெழுத்து வேண்டும்.

முதல் நாள் போனேன். தரையும் வாசலும் அழகாகத்தான் இருந்தன. மேலே பார்த்தேன். கட்டுக்கம்பி! ஒரு தகரத்தை உள்ளங்கையால் தள்ளினேன். ஒரு சாண் உயர்ந்தது. அந்தத் தகரத்துக்கு நேர் கீழே, காற்று வந்தால் எழுந்து ஓட முடியாத ஒருவன் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"அக்கா, இது பத்தியோ பந்தலோ?"

"ஏன் தம்பி, நல்லாத்தானே கிடக்கு."

"ஆணி எங்கை?"

"ஆணி வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"கழட்டேலாது."

"ஏனக்கா கழட்டோணும்?"

அவர் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "தம்பி, நீங்கள் சைன் வைச்சா வையுங்கோ, வைக்காட்டி விடுங்கோ. ஆணி அடிக்க விடமாட்டன்."

நான் படிவத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோது, ஜெயந்தன் சொல்லி அனுப்பி, தச்சுவேலை செய்யும் ஓடாவியார் வந்து ஏணியோடு நின்றார். ஆனால் வேலை நடக்கவில்லை. புவனம் அக்கா ஆணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தார். ஓடாவியார் வெற்றிலை போட்டுக்கொண்டு, "காலமை துவங்கி இப்பிடித்தான் சேர்" என்றார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், வெருட்டிப் பார்த்தேன், மகனுடைய உயிர் என்றும் சொல்லிப் பார்த்தேன். பை மடியை விட்டு அசையவில்லை. ஒரு இறாத்தல் ஆணிக்காக ஒரு அரசாங்க உத்தியோகத்தன் முற்றத்தில் நின்று தொண்டை வறளக் கத்தியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

திரும்பும்போது ஜெயந்தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வேலிப் படலை வரை வந்தான். தாய்க்குக் கேட்காமல் மெல்லச் சொன்னான்.

"சேர், நீங்கள் ஆணியே அடிப்பியுங்கோ. ஆராலயும் கழட்ட ஏலாத மாதிரி."

"அம்மா விடமாட்டன் எண்டு நிக்கிறாவே."

"அம்மா இன்னும் வெளிக்கிடத் தயாராத்தான் இருக்கிறா. நான் இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சது காணும் சேர். இனி என்ன நடந்தாலும் நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டன். பத்தியும் அப்பிடி இருக்கட்டும்."

ஒரே பத்தியைத் தாய் கழற்றக்கூடியதாகக் கேட்கிறார், மகன் கழற்ற முடியாததாகக் கேட்கிறான். என்னுடைய படிவத்திலோ 'நிரந்தரம் / தற்காலிகம்' என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'பொருத்தமற்றதை வெட்டிவிடுக' என்ற கட்டளை வேறு. நான் எதை வெட்டுவது? மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து, அது இயங்காமல் போக, அதற்கும் பேசினேன்.

அலுவலகத்துக்கு வந்து நடேசபிள்ளை ஐயாவிடம் கொட்டினேன். பிடிவாதம், அறியாமை, இந்தச் சனத்தைத் திருத்த ஏலாது என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். "நாளைக்கு நானும் வாறன்" என்றார்.

அடுத்த நாள் குடையோடு என் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தார். ஓடாவியார் அன்றும் ஏணியடியில் நின்றார், ஆணிப் பை அன்றும் புவனம் அக்காவின் மடியில். அன்று அவர் கைமரத்தில் தொங்கவில்லை. கதிரையில் இருந்தார். புவனம் அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு கேட்டார், "ஏன் பிள்ளை ஆணி வேண்டாம் எண்டுறீர்?"

நான் கேட்ட கேள்விதான். ஆனால் நான் கேட்டுவிட்டு அடுத்த வசனத்தையும் நானே சொல்லிவிடுவேன். அவர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பன்னிரண்டு தகரம் சேர்" என்றார் புவனம் அக்கா. "சண்டைக்கை நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு. சாமான் ஏத்த உழவு மெசின் வந்து நிக்குது. இவர், ஜெயந்தன்ர அப்பா, முந்தின வருசந்தான் நல்ல ஆணியா வாங்கி, ஒண்டும் அசையாத மாதிரி அடிச்சவர். எட்டைப் பிடுங்கிப்போட்டார். நாலு வருகுதில்லை. மழைக்காலம், போற இடத்தில இந்தப் பிள்ளையை எங்கை கிடத்திறது? நீங்கள் போங்கோ, நான் இந்த நாலையும் கழட்டிக்கொண்டு பின்னால சைக்கிளில வாறன் எண்டார்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மடியில் கிடந்த ஆணிப் பையின் வாயைத் திரும்பவும் முறுக்கிக் கட்டினார். ஜெயந்தன் கையில் இருந்த போனை விரித்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தான்.

எனக்கு அந்த முற்றத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது. எத்தனை வீட்டு வாசலில் நின்று, "ஏன் கழட்டோணும்" என்று நான் கத்தியிருக்கிறேன்! ஒருவராவது, "போடா விசரா" என்று சொல்லவில்லையே. சும்மா என்று சொல்லி என்னைத் தப்பவிட்டார்கள்.

நடேசபிள்ளை ஐயா எழுந்து கதிரையில் ஏறி, தகரத்தை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். அது உயர்ந்தது. "கம்பி சரிவராது பிள்ளை" என்றார். "உம்மட மோன் கீழ இருக்கிறான்."

"ஆணியும் சரிவராது சேர்."

"ஓம். ஆணியும் சரிவராது."

என் கையில் இருந்த படிவத்தை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார். தகரத்துக்கு ஆணிக்குப் பதிலாக, கீழே தகரத்தைத் தாங்கும் சலாகையை வளைத்துப் பிடிக்கும் இரும்புக் கொக்கி. மேலே வாசரும் நட்டும். கைமரத்துக்கும் சுவருக்கும் நீளப் போல்ட். தூணுக்கு அடியில் சீமெந்துக் கட்டை, அதற்குள் இரும்புத் தகடு, அந்தத் தகட்டோடு தூணைப் பூட்ட இரண்டு போல்ட். எல்லா நட்டும் ஒரே அளவு.

"ஒரு ஸ்பனர் காணும்" என்றார். "ஒரு ஆள் நிண்டு நிதானமாக் கழட்டலாம். ஆணி பிடுங்கிற வில்லங்கம் இல்லை. ஆனாக் காத்து கழட்டாது. காத்திட்ட ஸ்பனர் இல்லை."

புவனம் அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் பிடிக்கும் சேர், கழட்ட?"

"இதிலயும் பன்னிரண்டு தகரந்தானே, ஒரு மணித்தியாலம் காணும்."

அவர் ஆணிப் பையை ஓடாவியாரிடம் நீட்டினார்.

ஜெயந்தன் என்ன சொல்லப் போகிறானோ என்று எனக்குப் பதற்றம். அவன் படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்தான். "நல்ல வேலை சேர்" என்றான். "நட்டை இறுக்கினாப் பிறகு அசையாதுதானே?"

"அசையாது."

"அப்ப சரி."

ஐயா படிவத்தைத் திருப்பி, 'நிரந்தரம் / தற்காலிகம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தார், யோசித்தார், பிறகு இரண்டையும் வெட்டாமல் எனக்குப் பதிலாகத் தானே கீழே கையெழுத்து வைத்தார். அந்தப் படிவம் பட்ட பாட்டை நான் சொல்லி முடியாது. ஒன்றை வெட்டும்படி எழுதுவினைஞர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் ஐயா, "இரண்டும் பொருத்தம்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். நடுவில் அலைந்தவன் நான். நாலாம் முறை எழுதுவினைஞருக்கே அலுத்துவிட்டது. ஜெயந்தனுக்குக் கரண்ட் வந்தது.

அந்த மாரியில் கடும் காற்று வீசியது. விடிந்ததும் நான் முதலில் ஓடியது விசுவமடுவுக்கு. வழியெல்லாம் தகரம் வேலியில் கிடக்கிறது, வயலில் கிடக்கிறது, ஒன்று பனையின் உச்சியில், வட்டுக்குள் சொருகி நிற்கிறது. மோட்டார் சைக்கிளை அந்தப் படலையில் நிறுத்தினேன். பத்தி நின்றது. பன்னிரண்டு தகரமும் நின்றன. உள்ளே ஜெயந்தன் மேசையில் இருந்து யாருடையதோ நனைந்த போனை உலர்த்திக்கொண்டிருந்தான்.

எனக்கு அழுகை வந்தது. புவனம் அக்காவோ என்னைக் கண்டதும் முறைப்பாட்டைத் தொடங்கினார்.

"தம்பி, நல்லதா வந்தீங்கள். ரெண்டு நட்டு கறள் பிடிச்சுப் போச்சு. சுத்தினாச் சுழலுதில்லை. உதென்ன சாமான் வாங்கித் தந்தனீங்கள்?"

கதவுக்குப் பின்னால் ஸ்பனர் தொங்கியது. மாதம் ஒரு தடவை ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, தேங்காய் எண்ணெய் பூசி, திரும்ப இறுக்குகிறாராம். ஊரே கூரை பறந்து நிற்கிறது, இவருக்குக் கறள்! அக்கா, கைகூப்பிக் கும்பிடுகிறேன் என்றேன்.

ஜெயந்தன் சிரித்தான். "பூசட்டும் சேர். கழட்டிறதெண்டா நான் வெளியில வரோணும். நான் வரமாட்டன். ஆனா அவா பூசினாத்தான் அவாவுக்கு நித்திரை வருகுது."

இது நடந்து கனகாலம். நடேசபிள்ளை ஐயா காலமாகிவிட்டார். நானும் ஓய்வு பெற்று முள்ளியவளையில் இருக்கிறேன். போன வருடம் மனைவி சொன்னார், "ஊரெல்லாம் பத்தி பாத்தனீங்கள், எங்கட வீட்டில உடுப்புக் காயப்போட ஒரு பத்தி இல்லை." சரி என்று ஆளைப் பிடித்தேன். இப்போதெல்லாம் ஆணியும் இல்லை, கொக்கியும் இல்லை. மெசினால் திருகாணியைத் தகரத்துக்குள்ளால் இறக்குகிறார்கள். பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அவர் முதல் திருகாணியை வைக்கும்போது நான் கீழே நின்று கேட்டேன்.

"கரண்ட் இல்லாட்டி இதை எப்பிடிக் கழட்டிறது?"

அவர் மெசினை நிறுத்திவிட்டு ஏணியில் இருந்து குனிந்து பார்த்தார். "ஏனையா கழட்டோணும்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "சும்மா."

சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் இடம்பெயர்ந்து இரண்டு தடவை தகரம் பிடுங்கியவன். இரண்டாம் தடவை பிடுங்கியதை எல்லாம் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவன். அதை நான் பணிக்காலத்தில் எந்த வீட்டுக்காரருக்கும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு அடுத்த நாள் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, கொக்கியும் நட்டும் வாங்கி வந்தேன். ஒரு ஸ்பனரும் வாங்கினேன். புவனம் அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால், எண்ணெய் பூசுகிறீர்களா என்று கேட்பார்.

பூசுகிறேன்.

ஆகவே பிள்ளை, எங்கள் வீட்டுப் பத்திக்கான படிவத்தில் ஒன்றை வெட்ட நான் மறந்துவிட்டேனோ என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. திருப்பி அனுப்ப வேண்டாம். நான் சிவப்புப் பேனா எடுத்து வைத்திருக்கிறேன்.